காற்றின் கண்ணில் ஒரு மரம்

நுழையும்முன்

இயற்கையை ஓவியமாக்கும்போது அதன் அழகை மட்டும் காட்டினால் போதுமா? அதன் துன்பத்தையும் காட்ட வேண்டுமா? ஐரோப்பாவின் வடபுலத்தில் பிறந்த பழங்கதை மரம் ஒன்று, இங்கிலாந்துத் தெருவொன்றின் சாளரத்தில் ஓவியமாகும்போது இக்கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

காற்று வரும் வழி

தமிழில் சாளரத்திற்குக் 'காலதர்' என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். மான்விழி போன்ற காலதர்களையுடைய மாளிகைகளைச் சிலப்பதிகாரம் புகார் நகரில் காட்டுகிறது. வடமொழியில் சாளரத்தைக் 'கவாட்சம்' என்பர். பசுவின் கண் என்பது அதன் பொருள். 'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல்லும் இத்தகைய பிறப்பினதே. நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து முதலிய வடபுல நாடுகளில் முற்காலத்தில் வழங்கிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து அச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. அம்மொழியில் 'விண்டவ்கா' என்றால் காற்றின் கண்.

கண்ணாடி அரிதாயிருந்த அக்காலத்தில், சுவரிலோ கூரையிலோ விடப்பட்ட திறப்பே சாளரம். அடுப்பின் புகை அதன் வழியே வெளியேறும். பகலொளி அதன் வழியே உள்ளே வரும். காற்றும் மானும் பசுவும் இவ்வாறு மூன்று மொழிகளின் சாளரங்களில் முன்னரே குடியேறிவிட்டன. சாளரத்தில் இயற்கையை வரைவோர், சொல்லுக்குள் மறைந்திருப்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்துகின்றனர்.

கடல் கடந்த கதைகள்

வடபுலத்துச் சொல்லொன்று ஆங்கிலேயர் வீட்டுச் சுவரில் இடம்பெற்றது எவ்வாறு? கி.பி. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வைக்கிங் எனப்படும் கடலோடிகள் இங்கிலாந்தின் கரைகளைத் தாக்கத் தொடங்கினர். 793ஆம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த துறவியர் மடம் சூறையாடப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் அவ்வாறு வந்தவர்களுள் பலர் உழவராகவும் வணிகராகவும் அங்கேயே தங்கிவிட்டனர். யார்க் நகரம் அவர்தம் வாயில் 'யோர்விக்' ஆயிற்று. வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', சட்டத்தைக் குறிக்கும் 'லா' ஆகிய ஆங்கிலச் சொற்கள் அவர்கள் தந்த கொடை.

சொற்களோடு கதைகளும் வந்தன. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா பகுதியில் காஸ்ஃபோர்த் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் தேவாலய முற்றத்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் உயரம் நான்கு மீட்டருக்கும் மேல். இயேசுவின் சிலுவைக் காட்சியும் வடபுலப் பழங்கதைக் காட்சிகளும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. கட்டுண்டு கிடக்கும் லோகியின் மேல் பாம்பின் நஞ்சு சொட்டுகிறது. அவன் மனைவி சிகின் அந்நஞ்சைக் கிண்ணத்தில் ஏந்துகிறாள். வழிப்போக்கர் எவரும் காணத்தக்க வெட்டவெளியில் அச்சிற்பம் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது.

அக்கதைகள் கண்ணாடியிலும் ஏறின. ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ், வடபுலக் கதைகளின் மீது கொண்ட காதலால் 1871இலும் 1873இலும் ஐஸ்லாந்துக்குப் பயணம் மேற்கொண்டார். அவருடைய நண்பர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்து கொடுக்க, மாரிஸின் நிறுவனம் 1883-84ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்திலிருந்த ஒரு மாளிகைக்கு வண்ணக்கண்ணாடிச் சாளரங்களைச் செய்தது. ஓடின், தோர், ஃப்ரே ஆகிய தெய்வங்களும் அலைகடலில் செல்லும் வைக்கிங் கப்பலும் அவற்றில் இடம்பெற்றன. எனினும் அவை ஒரு செல்வர் மாளிகையின் உடைமை. வண்ணக்கண்ணாடியின் இயல்பும் ஒன்று உண்டு: பகலில், உள்ளே இருப்பவர்க்கே அதன் வண்ணம் முழுதும் விளங்கும். தெருவில் நிற்பவர்க்கு அது மங்கிய கண்ணாடியாகவே தோன்றும்.

தெருவே காட்சிக்கூடம்

இந்நிலையைத் தலைகீழாக்கிய கலையொன்று இன்று வழக்கில் உள்ளது. 2015ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் 'விண்டோ வாண்டர்லேண்ட்' என்னும் தெருவிழா தொடங்கியது. குளிர்காலத்தின் இருண்ட மாலைகளில் தெருவோர இல்லத்தார் தம் சாளரங்களைத் தாளாலும் வண்ணத்தாலும் ஓவியமாக்கி, உள்ளிருந்து விளக்கேற்றுவர். ஊரார் கையில் கைவிளக்கோடு நடந்து சென்று காண்பர். நுழைவுச்சீட்டு இல்லை, பரிசும் இல்லை, பயிற்சி பெற்ற ஓவியராக இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. அவ்விழா பின்னர்ப் பல ஊர்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. 2020இல் கொள்ளைநோயால் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, பிரிட்டன் முழுவதும் குழந்தைகள் தம் வீட்டுச் சாளரங்களில் வானவில் வரைந்து ஒட்டினர். கதவு மூடியிருந்தபோதும் அக்காலத்தில் சாளரம் பேசியது.

இக்கலைக்கு வேண்டும் பொருள்கள் மிகச் சில: கெட்டியான கறுப்புத் தாள், மெல்லிய வண்ணத் தாள், கத்தரிக்கோல், பசை, விளக்கு. ஆயினும் இதற்கென்று சில விதிகள் உண்டு. ஒளி வரவேண்டிய இடத்தில் கறுப்புத் தாளை வெட்டி நீக்கி, அவ்விடத்தின் பின்புறம் வண்ணத் தாளை ஒட்ட வேண்டும். நீலத் தாளும் மஞ்சள் தாளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் பச்சை தோன்றும். எஞ்சிய கறுப்புப் பகுதிகள் அனைத்தும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். தொடர்பற்ற துண்டு தனியே நிற்காது. காண்பவர் வெளியே நிற்பதால், உள்ளிருந்து நோக்கும்போது எழுத்துகள் இடவலம் மாறியே தெரிய வேண்டும். பின்னால் ஒற்றை விளக்கை வைத்தால் ஓரிடம் மட்டும் கண்ணைக் கூசும். இடையில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் ஒளி பரந்து நிற்கும். குளிர்காலக் கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்து பசையை இளக்கிவிடும். ஆதலால் தாளைக் கண்ணாடியில் ஒட்டாது, சாளரச் சட்டத்தில் பொருத்துவது நலம். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வப்போது தெருவின் எதிர்ப்பக்கம் சென்று நின்று பார்க்க வேண்டும். மேசைமீது அழகாயிருந்த நுண்கோடுகள் இருபது அடிக்கு அப்பால் காணாமற் போய்விடும்.

உலகத்தைத் தாங்கும் மரம்

சாளரத்துக்கேற்ற இயற்கைக் காட்சியை வடபுலக் கதைகளில் தேடுவோர்க்கு முதலில் தென்படுவது 'இக்திராசில்' என்னும் உலக மரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பெற்ற 'எட்டா' நூல்கள் இரண்டும் இம்மரத்தைப் போற்றுகின்றன. அவற்றுள் ஒன்று பழம்பாடல்களின் தொகுப்பு. மற்றொன்று சினோரி ஸ்டர்லுசன் என்னும் அறிஞர் இயற்றிய உரைநடை நூல்.

இக்திராசில் ஓர் ஆஷ் மரம். குளிர்நாடுகளில் ஓங்கி வளரும் இம்மரம், மல்லிகையும் ஆலிவும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் உறவு மரங்கள் இமயச் சரிவுகளிலும் உள்ளன. முதல் மனிதனின் பெயரே 'ஆஸ்க்', அதாவது ஆஷ் மரம். அவனும் எம்ப்லா என்னும் முதல் பெண்ணும் கடற்கரையில் கிடந்த மரங்களிலிருந்து உயிர்பெற்றனர் என்று கதை கூறுகிறது. அம்மக்களுக்கு ஆஷ் மரம் ஈட்டியின் காம்பாயிற்று, கோடரியின் பிடியாயிற்று. மேற்கு நார்வேயின் உழவர் இதன் தழையை வெட்டி உலர்த்தி, குளிர்காலத்தில் கால்நடைகளுக்குத் தீவனமாக இட்டனர். வீட்டு முற்றத்தில் காவல்மரமாகவும் இதனை வளர்த்தனர். அன்றாடம் கையோடு உறவாடிய மரத்தையே அவர்கள் அண்டத்தின் நடுவில் நிறுத்தினர்.

அம்மரத்தில் உயிர்கள் பல வாழ்கின்றன. உச்சியில் கழுகு ஒன்று அமர்ந்துள்ளது. அதன் கண்களுக்கிடையே பருந்து ஒன்று. வேரடியில் 'நித்ஹாக்' என்னும் கொடும்பாம்பு. 'ரட்டடோஸ்க்' என்னும் அணில், கழுகு சொன்ன வசையைப் பாம்பிடமும் பாம்பு சொன்ன வசையைக் கழுகிடமும் சேர்க்கும் பொருட்டு, அடிமரத்தில் ஓயாது ஏறி இறங்குகிறது. நான்கு கலைமான்கள் கிளைகளினூடே ஓடித் தளிர்களை மேய்கின்றன. தேனீக்கள் இம்மரத்தினின்று சொட்டும் பனியை உண்கின்றன. வேரருகே உள்ள ஊற்றில் அன்னங்கள் இரண்டு நீந்துகின்றன.

இதுவரை சொன்னது அழகு. கதை அத்தோடு நிற்கவில்லை. மான்கள் மேலே கடிக்கின்றன. பாம்பு கீழே வேரை அரிக்கிறது. அடிமரத்தின் ஒரு பக்கம் உளுத்துப் போகிறது. உலகத்தையே தாங்கும் மரம் நோயுற்ற மரமாக நிற்கிறது. பிறகு அது வீழாதிருப்பது எதனால்? அம்மரத்தடியில் ஊழை வகுக்கும் நோர்ன் மகளிர் வாழ்கின்றனர். அவருள் ஊர்த், வெர்தாண்டி, ஸ்குல்த் ஆகிய மூவரின் பெயர்கள் நூலில் வழங்குகின்றன. அம்மகளிர் நாள்தோறும் ஊற்று நீரை முகந்து, அதன் கரையிலுள்ள வெண்சேற்றையும் சேர்த்து, கிளைகள் உலராதபடியும் உளுக்காதபடியும் மரத்தின்மேல் ஊற்றுகின்றனர். 'ஸ்குல்த்' என்னும் பெயருக்குக் கடன் என்ற பொருளும் உண்டு. தமிழில் கடன் என்பது திருப்பித் தரவேண்டியதையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். அந்த இருபொருளும் இங்கே பொருந்துகின்றன.

பாம்பு வேண்டுமா?

பிரிஸ்டல் நகரத் தெருவொன்றில் ஒரு தாயும் பத்து வயது மகளும் இம்மரத்தைத் தம் வீட்டுச் சாளரத்தில் அமைக்க முற்படுகின்றனர் எனக் கொள்க. அவர்கள் வீட்டின் முன்புறச் சாளரம், அந்நாட்டின் பழைய வீடுகளிற் காணப்படுவது போல, தெருவை நோக்கிச் சற்றே துருத்திக்கொண்டு மூன்று முகங்களோடு விளங்குகிறது. நடு முகத்தில் அடிமரமும் உச்சிக் கழுகும் அமைகின்றன, இடப்புறம் மான்கள், வலப்புறம் ஊற்றும் மகளிரும். சாளரச் சட்டத்தின் நெடுங்கோடு மரத்தின் தண்டாகிவிடுகிறது. அதன்மேல் அணில் ஓடுகிறது.

அணிலுக்கு மகள் சாம்பல் நிறத் தாளை எடுக்கிறாள். அவள் தெருவில் காணும் அணில் அந்நிறத்தது. அது வட அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. அதன் பெருக்கத்தால் நாட்டின் பழைய செவ்வணில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மறைந்துவிட்டது. கதையின் அணில் செவ்வணில். தாய் ஆரஞ்சு நிறத் தாளை நீட்டுகிறாள். தன் தெருவில் ஒருபோதும் கண்டிராத உயிரொன்றை மகள் வெட்டி ஒட்டுகிறாள்.

அடுத்துப் பாம்பின் முறை வருகிறது. மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறாள்.

"பாம்பு வேண்டாம், அம்மா. மான்கள் கடிப்பதும் வேண்டாம். தெருவில் போகிறவர்கள் அழகான மரத்தைப் பார்க்கட்டுமே."

தாய் மறுத்துரைக்கவில்லை. வரைபடத்திலிருந்து பாம்பை எடுத்துவிடுகிறாள். மான்களைக் கிளையினின்று விலக்கிப் புல்வெளியில் நிறுத்துகிறாள். உளுத்த பக்கத்தையும் பச்சையாக்கிவிடுகிறாள். மரம் குறையேதுமின்றி நிற்கிறது. மகள் நெடுநேரம் அதனை நோக்குகிறாள். பிறகு வலப்புற முகத்தைச் சுட்டுகிறாள்.

"அப்படியானால் இவர்கள் எதற்கு நீர் ஊற்றுகிறார்கள்?"

நோயில்லாத மரத்தின் அடியில் நீர்க்குடத்தோடு நிற்கும் மகளிர்க்கு வேலையில்லை. அவர்கள் வெறும் அலங்காரமாகிவிட்டனர். ஊறு மறைந்தால் பேணுதலும் மறைந்துவிடுகிறது. மகளே பாம்பை மீண்டும் வேரடியில் வைக்கிறாள். மான்களைக் கிளைக்கு அழைத்து வருகிறாள்.

இப்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. கறுப்புத் தாளில் இலையைக் கடிபட்டதாகக் காட்ட வேண்டுமாயின், அதன் ஓரத்தை வெட்டி நீக்க வேண்டும். நீக்கிய இடத்தில் ஒளி பாயும். விளக்கை ஏற்றி வெளியே சென்று பார்த்தால், மரத்தின் புண்களே விண்மீன்கள் போல மின்னுகின்றன. காண்பவர் அவற்றை அழகென்று கொள்வர், துன்பமென்று கொள்ளார். ஆகவே இருவரும் கடிபட்ட இடங்களின் பின்னும் உளுத்த பக்கத்தின் பின்னும் பழுப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி ஒளியை மங்கச் செய்கின்றனர். மகளிர் ஊற்றும் வெண்சேற்றுக்கு மட்டும் எத்தாளையும் ஒட்டாமல் விடுகின்றனர். அவ்விடத்தில் விளக்கொளி தடையின்றி வெளிவருகிறது. மூன்று முகங்களிலும் மிகுந்த ஒளி உடைய இடம் அந்தக் கைகளின் கீழே வழியும் வெண்கோடுதான். கழுகுக்கும் கிட்டாத ஒளி அதற்குக் கிட்டியது.

பூங்காவில் நிற்கும் மரம்

இலையின் வடிவத்தைச் சரிபார்க்க இருவரும் அருகிலுள்ள பூங்காவுக்குச் செல்கின்றனர். பிப்ரவரி மாதத்தில் ஆஷ் மரத்தில் இலை இராது. கிளை நுனிகளில் கரிய மொட்டுகள் மட்டும் இருக்கும். சில மரங்களில் சென்ற ஆண்டின் விதைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். சாவிக்கொத்துப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அவற்றைச் சாவிகள் என்றே அழைப்பர். பூங்கா மரத்தின் பட்டையில், கிளை பிரியும் இடத்தில், சாய்சதுர வடிவில் கருமையான புண்ணொன்று காணப்படுகிறது. வீட்டில் பழுப்புத் தாளால் காட்டியதை மகள் இங்கே மெய்யாகவே காண்கிறாள்.

அது ஆஷ் நுனிக்கருகல் நோயின் அடையாளம். இந்நோயை உண்டாக்குவது ஒருவகைப் பூஞ்சை. கிழக்காசியாவே அதன் தாயகம். அங்குள்ள ஆஷ் இனங்களோடு அது பெருந்தீங்கின்றி வாழ்ந்து வந்தது. ஐரோப்பிய ஆஷ் மரமோ அதனை முன்பின் அறியாதது. 1990களின் தொடக்கத்தில் போலந்து நாட்டில் மரங்கள் காய்வது கண்டறியப்பட்டது. உதிர்ந்த இலைக்காம்புகளில் அடுத்த கோடையில் மிகச் சிறிய வெண்காளான்கள் முளைக்கின்றன. அவற்றின் வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது. இலையில் படிந்த வித்து கிளைக்குள் இறங்கி, நீரோட்டத்தைத் தடுக்கிறது. மரம் உச்சியிலிருந்து காய்ந்து வருகிறது. வடபுலக் கதைகள் வாழ்ந்த நார்வேயிலும் சுவீடனிலும் இன்று ஆஷ் மரம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பிரிட்டனில் 2012ஆம் ஆண்டில் முதலில் நாற்றுப்பண்ணை ஒன்றிலும், அவ்வாண்டு அக்டோபரில் நார்ஃபோக் பகுதியின் காடொன்றிலும் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. அக்காடு அமைந்த ஊரின் பெயர் ஆஷ்வெல்தார்ப். ஆஷ் என்பது மரம். வெல் என்பது ஊற்று. தார்ப் என்பது வடபுலத்தார் விட்டுச்சென்ற சொல், சிற்றூர் என்று பொருள்படும். உலக மரமும் அதன் ஊற்றும் ஓர் ஊரின் பெயரில் ஒருங்கே நின்ற இடத்தில்தான், மரத்தை அரிக்கும் புதிய நித்ஹாக் வெளிப்பட்டது. கதையில் பாம்பு கண்ணுக்குத் தெரியும். இங்கே அது காற்றில் மிதக்கும் நுண்துகள். நாற்றுகளை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற மனித வணிகமும் அதன் பயணத்துக்குத் துணைபுரிந்தது.

நோர்ன் மகளிரின் பணியை ஏற்றவர்களும் உளர். சசெக்ஸ் பகுதியிலுள்ள கியூ தோட்டத்தின் விதை வங்கி, 2013இல் நாட்டு மரங்களின் விதைகளைத் திரட்டும் திட்டத்தைத் தொடங்கியபோது ஆஷ் மரத்துக்கே முதலிடம் தந்தது. நோய் சூழ்ந்த காடுகளிலும் காயாது நின்ற மரங்களைத் தேடி, அவற்றின் கிளைகளை ஒட்டுக்கட்டி வளர்த்த மூவாயிரம் கன்றுகள் 2020இல் ஹாம்ப்ஷயர் பகுதியில் நடப்பட்டன. தாமே முளைத்த இளம் ஆஷ் மரங்கள் தம் முன்னோரைவிட நோயைச் சற்று மிகுதியாகத் தாங்குகின்றன என்பதை 2025இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அறிஞர் செய்யும் பணி ஒருபுறமிருக்க, எளியோர் செய்யத்தக்கதும் உண்டு. தோட்டத்திலும் பூங்காவிலும் உதிர்ந்த ஆஷ் இலைகளைக் கூட்டி அகற்றினால் காளான் முளைக்க இடம் குறையும். காட்டில் நடந்தபின் காலணியின் மண்ணைத் தட்டிவிட்டால் நோய் மற்றோர் இடத்துக்குச் செல்வது குறையும். நாள்தோறும் குடம் சுமந்த மகளிரின் வேலை போலவே இவையும் சிறிய வேலைகள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை.

எஞ்சி நிற்பது

வடபுலக் கதையில் இறுதிநாள் ஒன்று உண்டு. உலக மரம் நடுங்கும். தீ எங்கும் பரவும். நிலம் கடலுள் அமிழும். ஆனால் லீஃப், லீஃப்த்ரசிர் என்னும் இருவர் ஒரு காட்டுக்குள் மறைந்து, காலைப் பனியை உண்டு உயிர்பிழைப்பர். அக்காடு இக்திராசில் மரமே என்று அறிஞர் பலர் கருதுவர். நிலம் மீண்டும் பசுமையாகக் கடலினின்று எழும். அவ்விருவரின் வழியினர் அதில் வாழ்வர். அழிவைச் சொல்லத் தயங்காத கதை, எஞ்சியதையும் சொல்ல மறக்கவில்லை.

பூங்காவிலிருந்து திரும்பிய மகள் சாளரத்தின் அடிப்பகுதியில் விதைக்கொத்து ஒன்றை வெட்டிச் சேர்க்கிறாள். விழா மாலைகளில் பலர் அவ்வீட்டின் முன் நிற்கின்றனர். சிலர் கழுகைக் காண்கின்றனர். சிறுவர் அணிலைத் தேடுகின்றனர். சிலர் அந்த வெண்கோடு யாதென்று வினவுகின்றனர். சாளர ஓவியம் எந்த மரத்தையும் குணப்படுத்தாது. தெருவில் நடப்பவரை ஒரு நிமிடம் நிறுத்தி, அடுத்த நாள் ஒரு மரத்தின் உச்சியை அண்ணாந்து நோக்கச் செய்தால், அதன் பணி முடிந்தது.

விழா முடிந்ததும் தாள்கள் இறங்குகின்றன. சாளரம் பழையபடி காற்றுக்கும் வெயிலுக்கும் உரியதாகிறது. பிற மரங்கள் தளிர்த்த பின்னரே ஆஷ் மரம் பெரும்பாலும் தளிர்க்கும். சில ஆண்டுகளில் மே மாதம் வரை அதன் மொட்டு விரியாது. பூங்கா மரத்தின் எந்தக் கிளை இவ்வாண்டு தழைக்கும், எந்தக் கிளை வெறுமையாக நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும். இலையுதிர்காலம் வரும்போது, தழைத்த கிளைகளின் இலைகள் புல்தரையில் விழும். அவற்றைக் கூட்டி அள்ளும் கைகளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

காலதர் – சாளரம், சன்னல்
ஊறு – துன்பம், தீங்கு
உளுத்தல் – உள்ளே அரிக்கப்பட்டு நொய்தல்
ஊழ் – விதி
முகத்தல் – நீரை மொண்டெடுத்தல்
கடன் – கடமை, திருப்பித் தரவேண்டியது

பயிற்சி

1. 'காலதர்', 'கவாட்சம்', 'விண்டோ' ஆகிய சொற்களின் பொருளை ஒப்பிட்டு எழுதுக.
2. வண்ணக்கண்ணாடிச் சாளரத்துக்கும் தெருவிழாச் சாளர ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மகள் பாம்பை மீண்டும் ஓவியத்தில் சேர்த்தது ஏன்?
4. வெண்சேற்றுக்கு மட்டும் வண்ணத் தாள் ஒட்டாமல் விட்டதன் நோக்கத்தை விளக்குக.
5. 'கடன்' என்னும் சொல்லின் இருபொருளும் நோர்ன் மகளிரின் பணிக்கு எவ்வாறு பொருந்துகின்றன?

செயல்பாடு: உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தை ஒரு வாரம் உற்றுநோக்குக. அதில் வாழும் உயிர்கள், அதற்கு நேரும் ஊறு, அதனைப் பேணும் கைகள் ஆகிய மூன்றையும் காட்டும் சாளர ஓவியம் ஒன்றை வகுப்பறைச் சன்னலில் குழுவாக அமைக்க.